பன்னிரண்டாவது கழுதை

"மருமகளே, ஒரு விடுகதை போடட்டுமா?"

பவானி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். மத்தியானம்தான் அவள் அப்பாவோடும் பெரியப்பா பிள்ளைகளோடும் உட்கார்ந்து முதன்முதலாகச் சீட்டில் 'கழுதை' ஆடக் கற்றுக்கொண்டாள். மூன்று ஆட்டம் ஆடினார்கள். மூன்றிலும் அவள்தான் கழுதை. இனிமேல் சீட்டைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டதும் வந்து படுத்துவிட்டாள். அத்தை பக்கத்தில் வந்து சாய்ந்துகொண்டாள்.

"அம்பத்திரண்டு பேரு ஒரே வீட்டுல இருக்காங்க. அதுல பன்னெண்டு பேருக்குத்தான் முகம் உண்டு. வீட்ட விட்டுக் கெளம்புறப்போ சின்னவன் தப்பிச்சிருவான், பெரியவன் சுமப்பான். அது என்ன?"

போர்வை அசைந்தது. "சீட்டுக்கட்டு," என்றது ஒரு சின்னக் குரல்.

"அதேதான். விடுகதைய அவுத்தவங்களுக்குக் கதை சொல்லியாகணும். 'ம்' கொட்டணும், கேட்டியா? கொட்டலைன்னா நிறுத்திருவேன்."

"ம்."

ஒரு ஊர்ல ஒரு அண்ணனும் தங்கச்சியும் இருந்தாங்க. அண்ணன் பேரு பேச்சிமுத்து, தங்கச்சி பேரு வடிவு. அவங்க வீட்டுல மழை பெஞ்சா சீட்டு, மின்சாரம் போனா சீட்டு, யாராவது விருந்தாளி வந்தா சீட்டு. வேற ஆட்டமெல்லாம் கிடையாது, கழுதை மட்டுந்தான். அந்த ஊர்ல பேச்சிமுத்துவ ஜெயிக்க ஆளே இல்ல. கடைசிச் சீட்டா ஒரு ஏஸ வச்சிருப்பான். அதத் தலைக்கு மேல தூக்கி, பட்டுனு தரையில அடிச்சிட்டு, சட்டைய உதறிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவான். அவனுக்கு அதுல ஒரு பெருமை.

அந்த ஊருக்கு வெளிய ஒரு ஆறு. ஆத்துக்கு இந்தக் கரையில ஒரு சத்திரம். வெள்ளம் வந்தா ஓடம் போகாது. அக்கரைக்குப் போறவங்க எல்லாரும் வெள்ளம் வடியுற வரைக்கும் அந்தச் சத்திரத்துலதான் உட்கார்ந்திருக்கணும். அங்க ஒரு சத்திரக்காரர் இருந்தாரு. ரொம்ப மரியாதையான மனுசன். வெள்ளை வேட்டி, வெத்திலைப் பெட்டி, விரலுக்கு ஒரு மோதிரம். வர்றவங்களுக்குச் சோறு போடுவாரு, படுக்கப் பாய் குடுப்பாரு. அப்புறம் மெதுவா ஒரு சீட்டுக்கட்ட எடுத்து, சர்ர்ர்... டப்... சர்ர்ர்... டப்புனு கலைச்சுக்கிட்டே, "சும்மாதானே உட்கார்ந்திருக்கோம், ஒரு கை போடுவோமா?"னு கேட்பாரு.

சத்திரத்துக்குப் பின்னால ஒரு கொட்டகை. அதுல பதினொரு கழுதை நின்னுச்சு.

"எதுக்கு?"

'ம்' மட்டும் கொட்டு. வரும்.

ஆடி மாசம், ஆத்துல தண்ணி கரைபுரண்டு ஓடுது. பேச்சிமுத்து அக்கரையில ஒரு சோலியா கெளம்பிப் போனான். ஒரு நாள் ஆச்சு, வரல. ஒரு வாரம் ஆச்சு, வரல. ஒரு மாசம் ஆச்சு. அம்மா வாசல்லயே உட்கார்ந்திருக்கா, சோறு எறங்கல. அப்போ வடிவு, "நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்"னு கெளம்பிட்டா.

சத்திரத்துக்கு வந்தா. தாகமா இருந்துச்சு. தண்ணி குடிக்கலாம்னு பின்பக்கம் போனா. கொட்டகையில கழுதைங்க வரிசையா நிக்குது. வடிவு எண்ணிப் பார்த்தா, பன்னெண்டு.

"பதினொண்ணுன்னு சொன்னீங்க."

ஆமா. பதினொண்ணுதான் இருந்துச்சு. இப்போ பன்னெண்டு.

அந்தப் பன்னெண்டாவது கழுதை வடிவப் பார்த்ததும் கயித்த இழுத்துக்கிட்டுக் கிட்ட வந்துச்சு. அதோட முன்னங்கால்ல ஒரு பச்சை நூல். அந்த நூல் யாரு கட்டினது தெரியுமா? கெளம்புறப்போ அண்ணன் கையில வடிவு கட்டிவிட்டது. மூணு முடிச்சு போட்டது. அவ குனிஞ்சு எண்ணிப் பார்த்தா. மூணு முடிச்சு.

பவானி 'ம்' கொட்டவில்லை. அத்தை கொஞ்சம் பொறுத்தாள்.

"ம்," என்றாள் பவானி.

பின்னால யாரோ செருமுற சத்தம். திரும்பினா சத்திரக்காரர் நிக்கிறாரு. "உன் அண்ணனா தாயி? நல்ல பையன். ஆனா எங்க வீட்டுச் சட்டம் தெரியாம ஆடிட்டான்"னு சொன்னாரு. வடிவு அழல. எங்க அண்ணன விடணும்னா என்ன செய்யணும்னு கேட்டா. அவரு சொன்னாரு, மூணு ஆட்டம். மூணுல ஒண்ணுல நான் கழுதை ஆனாக்கூடப் போதும், உன் அண்ணனக் கூட்டிட்டுப் போயிரு. ஆனா நீ ஒரு ஆட்டம் தோத்தா காது முளைக்கும். ரெண்டு தோத்தா வால் முளைக்கும். மூணும் தோத்தா கொட்டகையில பதிமூணாவது கயிறு தயாரா இருக்குன்னாரு.

அப்புறம் வெத்திலைய மடிச்சுக்கிட்டே இன்னும் ஒண்ணு சொன்னாரு. "தோத்தவங்கதான் சீட்டுக் கலைக்கணும். கலைக்கிறவங்க ஆட்டத்துக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு கேட்கலாம். குடுக்கிறதும் மறுக்கிறதும் எதிராளி இஷ்டம். வேற எதாவது கேட்கணுமா, தாயி?"

வடிவு என்ன செஞ்சிருக்கணும்? உங்க வீட்டுச் சட்டமெல்லாம் என்னன்னு அப்பவே கேட்டிருக்கணும். இலவசமாக் கேட்டிருக்கலாம். ஆனா அவளுக்கு ரோஷம். பிறந்ததுலேர்ந்து ஆடுற ஆட்டம், எனக்குப் போய்ச் சட்டமா? "கழுதைதானே, எனக்குத் தெரியும்"னு சொல்லி உட்கார்ந்துட்டா.

அவளுக்குத் தெரிஞ்சது என்ன? உனக்கு மத்தியானம் சொன்னதுதான். சீட்டெல்லாத்தையும் சமமாப் பங்கு போடணும். ஒருத்தர் ஸ்பேடு எறக்கினா எல்லாரும் ஸ்பேடுதான் போடணும். ஆர்டினுக்கு ஆர்டின், டைமனுக்கு டைமன், கிளாவருக்குக் கிளாவர். எல்லாரும் போட்டாச்சுன்னா அந்தச் சீட்டு செத்துப்போச்சு, குப்புறக் கவுத்திரலாம். யாரு பெரிய சீட்டுப் போட்டாங்களோ அவங்கதான் அடுத்து எறக்கணும். கேட்ட சீட்டு இல்லைன்னா?

"வெட்டு."

ஆமா, வேற எதையாவது போட்டு வெட்டலாம். வெட்டினா, பெரிய சீட்டுப் போட்டவங்க தரையில கிடக்கிறத அள்ளிக்கணும். யாரு கை மொதல்ல காலியாகுதோ அவங்க தப்பிச்சாச்சு. கடைசி வரைக்கும் சீட்டோட உட்கார்ந்திருக்கிறவங்க?

"கழுதை," என்றாள் பவானி. சொல்லிவிட்டுப் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மொத ஆட்டம். சர்ர்ர்... டப். பங்கு போட்டாச்சு. வடிவு நல்லாத்தான் ஆடினா. வெட்டு, வெட்டு, வெட்டு. சத்திரக்காரர் அள்ளுறாரு, அள்ளுறாரு. ஆனா முகத்துல ஒரு கவலையும் இல்ல, வெத்திலை மென்னுக்கிட்டே இருக்காரு. கடைசியில அவருகிட்ட மூணு சீட்டு, வடிவுகிட்ட ஒண்ணே ஒண்ணு. டைமன் ஏஸ். அவதான் எறக்கணும். அண்ணன் மாதிரியே தலைக்கு மேல தூக்கினா. பட்.

சத்திரக்காரர் அது மேல டைமன் ஏழ வச்சாரு. வடிவு எந்திரிச்சா.

"உட்காரு தாயி. இதுல பெரிய சீட்டு யாரோடது?"

"என்னோடது."

"பெரிய சீட்டுப் போட்டவங்கதானே அடுத்து எறக்கணும்? எறக்கு."

"கையில ஒண்ணும் இல்லையே."

"இல்லைன்னா தரையில கிடக்கிறத அள்ளு. ஏஸ் போட்டுட்டு யாரும் எங்க வீட்டவிட்டுப் போனதில்ல. கடைசிச் சீட்டு சின்னச் சீட்டா இருந்தாத்தான் தப்பிக்கலாம்."

எங்க வீட்ல அப்படிக் கிடையாதேன்னு வடிவு சொன்னா. "இது எங்க வீடு"ன்னாரு அவரு, ரொம்பத் தன்மையா. வடிவு அள்ளினா. அவ எத எறக்கினாலும் அவருகிட்ட அது இல்ல. வெட்டு. மறுபடியும் வெட்டு. அவரு கை காலி. அப்போ வடிவு தலையில குறுகுறுன்னு ஒரு அரிப்பு. டப், டப். ரெண்டு நீளக் காது.

அத்தை பவானியின் காதை லேசாகத் தொட்டாள். அவள் சட்டென்று கையால் பொத்திக்கொண்டாள்.

இப்போ வடிவுதானே தோத்தா, அவதான் கலைக்கணும். கலைச்சுக்கிட்டே யோசிச்சா. பெரிய சீட்டுக்கு ஒரு சட்டம் வச்சிருக்காருன்னா, இன்னும் வேற எதுக்காவது வச்சிருப்பாரு. அதனால கேட்டா, "இது மாதிரி வேற சட்டம் எதாவது இருக்கா?"

"இருக்கு"ன்னாரு சத்திரக்காரர்.

வடிவு காத்துக்கிட்டிருக்கா. அவரு பேசாம வெத்திலையில சுண்ணாம்பு தடவுறாரு. என்னன்னு சொல்லுங்கன்னா. "ஒண்ணுதானே கேட்கலாம்? கேட்டுட்ட. இருக்குன்னு சொல்லிட்டேன். பங்கு போடு"ன்னாரு.

"ஏமாத்துறாரு," என்றாள் பவானி.

ஏமாத்தல. கேட்டதுக்குச் சரியாத்தான் பதில் சொன்னாரு. அதுதான் பயமே.

ரெண்டாவது ஆட்டம். வடிவு இந்தத் தடவ ரொம்பக் கவனம். ஏஸ் வந்தா மொதல்லயே போட்டுத் தள்ளிருறா. சின்னச் சீட்டக் கடைசிக்குப் பத்திரமா வச்சுக்கிறா. சாயங்காலம் ஆகுது, வெளிச்சம் மங்குது. சத்திரக்காரர் ஆர்டின் ராஜாவ எறக்கினாரு. வடிவு கையில பார்த்தா, ஆர்டின் இல்ல. சந்தோசமா ஒரு டைமனப் போட்டு வெட்டினா. அவரு அள்ளினாரு. "ஆர்டின் ஒண்ணு கூட இல்லையா, தாயி?"ன்னு ஒரு கேள்வி மட்டும் கேட்டாரு. "இல்ல"ன்னா.

அப்புறம் ரெண்டு சுத்து போச்சு. அப்போ அவ விரல்ல ஏதோ வழுக்குச்சு. ஒரு டைமனுக்குப் பின்னால இன்னொரு சீட்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆர்டின் ஒன்பது. ரெண்டும் செவப்பு. மங்கின வெளிச்சத்துல தெரியல. இன்னிக்கு நீ பண்ணல? அதே தப்புதான்.

"ம்."

வடிவு அத மறைக்கல. அப்படியே எடுத்துக் காட்டினா. ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, இப்பத்தான் பார்த்தேன், வெட்டினதத் திருப்பி எடுத்துக்கிறேன்னா. நம்ம வீட்டுல அப்படித்தானே? கண்ணு தெரியல, திருப்பி எடுத்துக்கோன்னு விட்டுருவோம். அவங்க வீட்லயும் அப்படித்தான்.

"எங்க வீட்ல போட்ட சீட்டு போட்டதுதான்"னாரு சத்திரக்காரர். "இருக்கிறத இல்லைன்னு சொல்லி வெட்டினா, அதுக்குப் பேரு பொய் வெட்டு. பொய் வெட்டுக்கு, செத்துக் கிடக்கிற சீட்டு பூராவும் உனக்கு." அப்படியே ரெண்டு கையாலயும் தள்ளிவிட்டாரு. ஒரு குவியல். வடிவு கையில புடிக்க முடியல, மடியில போட்டுக்கிட்டா. அவ்வளவுதான், அந்த ஆட்டமும் போச்சு. இடுப்புக்குப் பின்னால சுரீர்னு ஒரு வலி. திரும்பிப் பார்த்தா வால். அது பாட்டுக்கு சளீர் சளீர்னு ஆடுது.

பவானி அத்தையின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் ஒரே ஆட்டம். கொட்டகைப் பக்கம் பார்த்தா, பதிமூணாவது கயிறு காத்துல ஆடுது. வடிவு கலைக்கிறா. சீட்டு சிதறிச் சிதறி விழுது. ஒண்ணு கேட்கலாம். என்ன கேட்கிறது? சட்டத்தக் கேட்டா 'இருக்கு'ம்பாரு. தனியா ஆடினா தோத்துருவோம். அப்போ அவ கேட்டா, "மூணாவது கையா எங்க அண்ணன் உட்காரணும்."

சத்திரக்காரர் மெல்லுறத நிறுத்தினாரு. ஒரு நிமிசம் யோசிச்சாரு. அப்புறம் கெக்கெக்கேன்னு சிரிச்சாரு. மூணு பேருல ஒருத்தர்தானே கழுதை. நீ ஆனா நீ கொட்டகைக்கு. அவன் ஆனா அவன் கழுதையாவே நிற்பான், நீ காதும் வாலுமா வீட்டுக்குப் போ. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒருத்தன் தப்பிக்கிறதா கஷ்டம்னு சொல்லிட்டுச் சரின்னுட்டாரு.

கயித்த அவுத்ததும் கழுதை உடம்ப ஒரு உதறு உதறுச்சு. பேச்சிமுத்து நிக்கிறான். மெலிஞ்சு போயிருந்தான். தங்கச்சி தலையில காதப் பார்த்ததும் அவன் கண்ணு கலங்கிருச்சு. ஆனா அழுறதுக்கு நேரமில்ல. கடகடன்னு சொன்னான், "வடிவு, இன்னொரு சட்டம் இருக்கு. தப்பிச்சவங்க வாயத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்த பேசினாலும் செத்த சீட்டு பூராவும் அவங்களுக்கு. ஓரத்துல நிக்குதே, அந்தக் கிழட்டுக் கழுதை அப்படித்தான் மாட்டுச்சு."

உனக்கு எப்படித் தெரியும்னு வடிவு கேட்டா. ஒரு மாசமா அதுங்களோட நின்னிருக்கேன், காதாலயே பேசிக்கும்னான். ரெண்டு காதும் பின்னால படுத்தா, வேண்டாம், ஆபத்து. ரெண்டும் முன்னால நிமிர்ந்தா, வா, பயமில்ல.

சத்திரக்காரர் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. ஆனா காதப் பத்தின பேச்ச அவரு காதுல போட்டுக்கல. பேசட்டும், ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கலையேன்னு சொல்லிப் பங்க எடுத்துக்கிட்டாரு.

மூணாவது ஆட்டம். ஆத்துச் சத்தம் மட்டும் ஹோன்னு கேக்குது. பட். பட். பட். சீட்டு செத்துக்கிட்டே இருக்கு. வெட்டு. அள்ளு. பட். பட். கடைசியில வடிவு கையில ஒரே சீட்டு, கிளாவர் ரெண்டு. சின்னதுலயே சின்னது. அண்ணன் கிளாவர் எறக்கினான். வடிவு அத மெதுவா, சத்தமே இல்லாம வச்சா. அது மேல சத்திரக்காரர் ஒரு கிளாவர் வச்சாரு. அண்ணனோடதுதான் பெருசு. வடிவு தப்பிச்சாச்சு.

"ஹப்பாடா," என்றாள் பவானி.

இனிமேத்தான் இருக்கு. தப்பிச்சவங்க எந்திரிச்சுப் போய் ஆடுறவங்களுக்குத் தண்ணி கொண்டாரணும். அது எல்லா வீட்லயும் உள்ள வழக்கம். இன்னிக்கு உங்க அப்பன் மொதல்ல தப்பிச்சதுனாலதானே எல்லாருக்கும் காப்பி போட்டான்? வடிவும் போய் ஒரு செம்புல தண்ணி மொண்டுக்கிட்டு வந்தா. வந்து சத்திரக்காரருக்குப் பின்னால நின்னா. நின்ன எடத்துலேர்ந்து பார்த்தா அவரு கையில இருக்கிற சீட்டு தெரியுது.

ரெண்டே சீட்டு. ஆர்டின் அஞ்சு, கிளாவர் பத்து.

அண்ணன் கையிலயும் ரெண்டு. வடிவுக்கு அது என்னன்னு கணக்கு தெரியும், மத்ததெல்லாம் செத்துப்போச்சே. ஆர்டின் ஏஸ், கிளாவர் மூணு. அண்ணன்தான் எறக்கணும். எத மொதல்ல எறக்குறது?

கவனமாக் கேளு. ஏஸ மொதல்ல எறக்கினா, அவரு ஆர்டின் அஞ்ச வச்சுத்தான் ஆகணும். அப்புறம் அண்ணன் கிளாவர் மூண எறக்கினா, அவரு கிளாவர் பத்த வைக்கணும். அது அவரோட கடைசிச் சீட்டு, பெரிய சீட்டு. அவருதான் அள்ளணும்.

ஆனா மூண மொதல்ல எறக்கினா? அவரு பத்த வச்சு, அடுத்து ஆர்டின் அஞ்ச எறக்குவாரு. அண்ணன் கையில கடைசியா நிக்கிறது ஏஸ். பெரிய சீட்டு. அண்ணன் அள்ளணும்.

வடிவுக்கு இதெல்லாம் தெரியுது. அண்ணனுக்குத் தெரியாது, செத்த சீட்ட அவன் எண்ணிக்கிட்டு வரல. அவன் அவ முகத்தப் பார்த்தாத்தானே, தன் சீட்டையே பார்த்துக்கிட்டு இருக்கான். அவருகிட்ட ஆர்டினே இல்லாமப் போச்சுன்னா, ஏஸ எறக்கினதும் வெட்டிருவாரேன்னு அவனுக்குப் பயம். அவன் விரல் மெதுவா கிளாவர் மூணு பக்கம் போகுது.

"சொல்லச் சொல்லுங்க!"

சொல்ல முடியாதே. வாயத் தொறந்தா செத்த சீட்டு பூராவும் அவளுக்கு.

சத்திரக்காரருக்கு அது நல்லாத் தெரியும். தலையத் திருப்பி, ரொம்ப அன்பா, "தண்ணி குடத்துலேர்ந்து மொண்டியா, தொட்டியிலேர்ந்து மொண்டியா, தாயி?"ன்னு கேட்டாரு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகின பிள்ளை. 'கு'ன்னு நாக்கு வரைக்கும் வந்துருச்சு. உதட்டக் கடிச்சுக்கிட்டா.

அப்புறம், "காலுக்கிட்ட பாரு, தேளு"ன்னாரு. வடிவு துள்ளிக் குதிச்சா. ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டா. கீழ பார்த்தா ஒரு வெளக்குமாத்துக் குச்சி.

மூணாவதா, "பாவம் உங்க அம்மா, ரெண்டு பிள்ளை எதுக்குன்னு ஒண்ண இங்க விட்டுட்டா போல. இன்னேரம் சாப்பிட்டுத் தூங்கியிருப்பா"ன்னாரு. வடிவுக்குக் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. அம்மா ஒரு மாசமாச் சாப்பிடல. சொல்லணும்னு தொண்ட வரைக்கும் வருது. வாயத் தொறக்கல.

அவரு சலிச்சுப்போய்த் திரும்பிக்கிட்டாரு. அண்ணன் விரல் இப்போ மூணத் தொட்டுருச்சு. உருவப் போறான்.

அப்போ சளீர்னு வடிவோட வால் சுழண்டுச்சு. கையில இருந்த செம்புல போய் அடிச்சுது. டங்ங்ங்.

அண்ணன் நிமிர்ந்தான்.

வடிவு வாயத் தொறக்கல, கைய அசைக்கல. ரெண்டு காதையும் அப்படியே பின்னால படுக்க வச்சா. வேண்டாம், ஆபத்து.

அண்ணன் விரல் நின்னுச்சு. மெல்ல நகர்ந்து ஏஸ் மேல வந்துச்சு. வடிவு காது ரெண்டும் விறைப்பா முன்னால நிமிர்ந்துச்சு. வா, பயமில்ல.

சத்திரக்காரர் சட்டுனு திரும்பிப் பார்த்தாரு. என்ன தெரிஞ்சுது? ஒரு பொண்ணு, கையில செம்பு, தலையில ரெண்டு காது. அவ்வளவுதான். அவரு வாழ்க்கையில ஒரு தடவ கூடத் தோத்ததில்ல. காது முளைச்சிருந்தாத்தானே அந்தப் பேச்சு புரியும்?

பேச்சிமுத்து ஏஸ எறக்கினான். தலைக்கு மேல தூக்கல, அடிக்கல. சும்மா வச்சான். சத்திரக்காரர் அதயே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் ஆர்டின் அஞ்ச வச்சாரு. பேச்சிமுத்து மூண வச்சான். எந்திரிச்சான்.

கிளாவர் பத்து கீழ வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு. அதோட ஆட்டம் முடிஞ்சுபோச்சு, இனிமே வாயத் தொறக்கலாம்.

"பெரிய சீட்டு யாரோடது, ஐயா?"ன்னு கேட்டான் பேச்சிமுத்து.

 அவரு தரையில கிடந்ததக் குனிஞ்சு அள்ளினாரு. அள்ளுறப்போவே டப், டப்புனு அவரு தலையில ரெண்டு காது. அதே நேரம் வடிவு காதும் வாலும் புஸ்ஸுனு போயிருச்சு. தலையத் தடவிப் பார்த்தா, முடிதான் இருக்கு.

ம் கொட்டு.

"ம்."

அப்போ ஆத்துப் பக்கம் ஒரு குரல். வெள்ளம் வடிஞ்சிருச்சு, இன்னிக்கு இதான் கடைசி ஓடம், ஏறுறவங்க ஏறலாம்னு ஓடக்காரன் கூப்பிடுறான். இருட்டுல நடக்க வேண்டாம், அக்கரைக்குத் திரும்புறதுக்கு முந்தி ஊர்ப்பக்கம் இறக்கி விட்டுருவான், அங்கேர்ந்து வீட்டுக்கு ஒரு எட்டு நடைதான். பேச்சிமுத்து தங்கச்சி கையப் புடிச்சு இழுத்தான். வா, போயிருவோம்னான்.

வடிவு கெளம்புறதுக்கு முந்தி ஒரு தடவ கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தா. பதினொரு கழுதையும் வரிசையா நிக்குது. இருபத்திரண்டு காதும் முன்னால நிமிர்ந்து நிக்குது.

உள்ள சர்ர்ர்... டப்புனு சத்தம். சத்திரக்காரர் கலைச்சுக்கிட்டு இருக்காரு. அந்த நீளக் காது ரெண்டும் வேட்டி மேல நிழலா விழுது. தோத்தவங்கதானே கலைக்கணும். கலைக்கிறவங்க ஒண்ணு கேட்கலாமே. அவரு கேட்டாரு, "தாயி, இன்னும் ஆடுவோம். நான் தோக்குற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கழுதைய அவுத்துக்கோ. நீ தோத்தா, மறுபடியும் காதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

குடுக்கிறதும் மறுக்கிறதும் அவ இஷ்டம்.

ஓடக்காரன் ரெண்டாவது தடவ கூப்பிட்டான்.

அத்தை நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டும் சத்தம் கேட்டது.

"அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தெரியாது. எனக்குச் சொன்னவங்களும் இந்த எடத்துலதான் நிறுத்தினாங்க. என் கையில இருந்த சீட்டெல்லாம் எறக்கிட்டேன் மருமகளே, நான் தப்பிச்சாச்சு. மிச்சக் கதை உன் கையில. வடிவு ஓடத்துல ஏறினாளா, உட்கார்ந்தாளா? ஒண்ணச் சொல்லிட்டுக் கண்ண மூடு."

பவானி போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, வடிவு அண்ணனை மட்டும் ஓடத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள், முதலில் அந்த வீட்டுச் சட்டம் எல்லாவற்றையும் கேட்டாள், அப்புறம் உட்கார்ந்தாள் என்று சொன்னாள்.